லடாக்கிற்கு மோட்டார் சைக்கிளில்: பத்து நாள் திட்டமும் பதினான்கு நாள் ராணுவ விதியும்

புது தில்லி: மே மாதத்தின் பிற்பகுதி தொடங்கிவிட்டால் தலைநகரின் கரோல் பாக் பகுதியில் உள்ள மோட்டார் சைக்கிள் கடைகளில் ஒரு தனிக் கூட்டம் காணப்படும். பெரும்பாலோர் இளைஞர்கள். தென் மாநிலங்களிலிருந்து சொந்த வண்டியை ரயில் பார்சலில் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே வந்து சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. பெட்டி மாட்டும் இரும்புச் சட்டம், பெட்ரோல் கேன், மழை உடை, கையுறை என்று பேரம் நடக்கும். எங்கே பயணம் என்று கேட்க வேண்டியதில்லை, லேவுக்குத்தான்.

அவர்களின் கையில் உள்ள திட்டம் ஏறத்தாழ ஒன்றே. அலுவலகத்தில் பெற்ற விடுப்பு பத்து நாள். தில்லியிலிருந்து மணாலி சுமார் 530 கி.மீ., அங்கிருந்து லே சுமார் 430 கி.மீ. நாளொன்றுக்கு 250 கி.மீ. ஓட்டினால் நான்காம் நாள் லே; பின்னர் நுப்ரா பள்ளத்தாக்கு, பாங்காங் ஏரி; பத்தாம் நாள் தில்லி. தேசிய நெடுஞ்சாலையில் நாளுக்கு 500 கி.மீ. ஓட்டிப் பழகியவர்களுக்கு இது மிகத் தாராளமான கணக்காகவே தோன்றும். அந்தக் கணக்கில் விடுபட்டுப் போவது உயரம்.

மணாலி கடல் மட்டத்திலிருந்து 2,050 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரவு தங்குவதற்கு வழக்கமாகத் தேர்ந்தெடுக்கப்படும் சர்ச்சு கூடார முகாம் 4,290 மீட்டர் உயரத்தில் உள்ளது. காலையில் மணாலியில் புறப்பட்டு மாலையில் சர்ச்சுவில் படுப்பவர் ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறார். நீலகிரியின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த ஏற்றத்தின் அளவு விளங்கும். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மலை மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. மூன்று அல்லது நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்றும் அவர்கள் கூறுகின்றனர்.

இந்திய ராணுவத்தின் விதி இதைவிடவும் கடுமையானது. 9 ஆயிரம் அடி முதல் 12 ஆயிரம் அடி வரையிலான பகுதிக்கு அனுப்பப்படும் வீரர் ஆறு நாள் அங்கு உடலைப் பழக்கிக்கொள்ள வேண்டும். அதில் முதல் இரண்டு நாளும் ஓய்வுதான். மூன்றாம் நாளிலிருந்துதான் மெதுவான நடை. 12 ஆயிரம் அடியைத் தாண்டினால் மேலும் நான்கு நாள். 15 ஆயிரம் அடியைத் தாண்டினால் இன்னொரு நான்கு நாள். ஆக, உடல் தகுதிச் சோதனையில் தேறிய ஒரு சிப்பாய்க்கே 14 நாள் தேவைப்படுகிறது. சென்னையிலோ பெங்களூரிலோ கணினி முன்பு அமர்ந்து பணிபுரியும் ஒருவர் அதே உயரங்களை நான்கு நாளில் ஏறி இறங்கிவிடத் திட்டமிடுகிறார்.

ராணுவம் இந்த விதியை எளிதில் கற்றுவிடவில்லை. 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து வீரர்கள் அவசர அவசரமாக மலைமுகட்டுக்கு அனுப்பப்பட்டனர். குண்டடி படாமலே பலர் மூச்சுத் திணறி வீழ்ந்தனர். அக்காலத்தில் 11 ஆயிரம் முதல் 18 ஆயிரம் அடி வரையிலான பகுதிகளில் நோயுற்ற 1,925 வீரர்களைக் குறித்து ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவரது குழுவினரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. மலை நோய் பற்றி உலகில் எங்கு ஆராய்ச்சி நடந்தாலும் இன்றளவும் அக்கட்டுரை மேற்கோள் காட்டப்படுகிறது.

தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். மாத்திரை போட்டுக்கொண்டு மேலே செல்வோர்தான் ஆபத்தில் சிக்குகின்றனர். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்கும். மூளையில் நீர் கோத்துக்கொண்டால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். இரண்டுக்கும் உறுதியான சிகிச்சை உடனே கீழே இறங்குவதே. இங்குதான் சர்ச்சுவின் இருப்பிடம் சிக்கலாகிறது. ஒருபுறம் பாராலாச்சா கணவாய் (4,890 மீட்டர்), மறுபுறம் நகீ லா, லாச்சுலுங் லா (5,065 மீட்டர்) ஆகிய கணவாய்கள். எந்தப் பக்கம் இறங்க நினைத்தாலும் முதலில் ஏறியாக வேண்டும். நள்ளிரவில் கூட்டாளி ஒருவருக்கு மூச்சுத் திணறினால் மோட்டார் சைக்கிளில் அவரை எப்படிக் கொண்டுசெல்வது என்ற கேள்விக்குப் பெரும்பாலான திட்டங்களில் விடை இருப்பதில்லை.

ஸ்ரீநகர் வழியே ஏறி, மணாலி வழியே இறங்குவது நல்லது என்று அனுபவசாலிகள் கூறுவதன் காரணம் இதுவே. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், சோனாமார்க் 2,740 மீட்டர், கார்கில் 2,676 மீட்டர், லே 3,500 மீட்டர். வழியில் சோஜி லா (3,528 மீட்டர்), நமிகா லா, போட்டு லா (4,108 மீட்டர்) ஆகிய கணவாய்களைக் கடந்தாலும் இரவில் படுப்பது தாழ்வான ஊர்களில். சுமார் 430 கி.மீ. கொண்ட இந்தச் சாலையில் ஊர்கள் உண்டு, மருத்துவமனை உண்டு, பெட்ரோல் உண்டு. மணாலி சாலையிலோ தார்ச்சாவைத் தாண்டினால் கோடையில் மட்டும் முளைக்கும் கூடாரங்களும் ராணுவ முகாம்களும்தான்.

லேயை அடைந்தபின் குறைந்தது இரண்டு நாள் வண்டியைத் தொடாமல் இருப்பது திட்டத்தின் மிக முக்கியமான பகுதி. அடுத்து நுப்ராவா, பாங்காங்கா என்ற கேள்வி வரும். நுப்ராவின் திஸ்கித் கிராமம் லேயைவிடத் தாழ்வானது. பாங்காங் கரை சுமார் 4,250 மீட்டர். எனவே நுப்ராதான் முதலில். அங்கு செல்லும் வழியில் உள்ள கர்துங் லாவில் கடல் மட்டத்தில் கிடைக்கும் பிராண வாயுவில் ஏறத்தாழ பாதிதான் கிடைக்கும். புகைப்படம் எடுத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டிய இடம் அது. முன்கூட்டியே உட்கொள்ளும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டபின்பே எடுக்க வேண்டும். சல்ஃபா வகை மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாது.

இவ்வளவையும் கணக்கில் எடுத்தால் தில்லியிலிருந்து தில்லிக்கு 15 அல்லது 16 நாள் ஆகும். பத்து நாள்தான் விடுப்பு என்றால் நுப்ராவையோ பாங்காங்கையோ கைவிட வேண்டும். அல்லது ஸ்ரீநகருக்கு விமானத்தில் சென்று அங்கிருந்து வண்டி எடுக்க வேண்டும். விமானத்தில் நேரே லேயில் இறங்குவது நாளை மிச்சப்படுத்தும். உடலுக்கு அதுவே மிகக் கடுமையான வழி.

நாள்காட்டியை எழுதுவது யார்?

புறப்படும் தேதியைப் பயணி குறிக்கிறார் என்பது ஓரளவுக்கே உண்மை. 1960 மே 7-ஆம் தேதி தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்புதான் அதைக் குறிக்கிறது. கணவாய்களில் பல அடி உயரத்துக்குக் குவிந்துள்ள பனியை அந்த அமைப்பின் இயந்திரங்கள் வெட்டி முடித்து, காவல்துறை போக்குவரத்தை அனுமதித்த பிறகே சாலை சாலையாகிறது. சோஜி லா முன்பெல்லாம் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் மூடிக்கிடக்கும். 2025-ஆம் ஆண்டில் 32 நாளில் அது மீண்டும் திறக்கப்பட்டது. மணாலி சாலை இதைவிடத் தாமதமாகவே திறக்கும்.

லடாக்கில் மழை மிகக் குறைவு; ஆண்டுக்குச் சுமார் 100 மில்லி மீட்டர். ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கு வானம் தெளிவாகவே இருக்கும். ஆனால் அங்கு போய்ச் சேர வேண்டிய வழி முழுவதும் பருவமழையின் பிடியில் இருக்கும். 2023 ஜூலையில் பியாஸ் நதி பெருக்கெடுத்து குலு - மணாலி நெடுஞ்சாலையைப் பல இடங்களில் அடித்துச் சென்றது. அப்போது சந்திரதால் ஏரிக்கரைக் கூடாரங்களில் சிக்கிய சுமார் 300 பேர் பல நாள் கழித்தே மீட்கப்பட்டனர். 2025 ஆகஸ்டில் அதே நெடுஞ்சாலை மீண்டும் சேதமடைந்தது. மழை குறைவு என்பதை நம்பி லடாக்கையும் முழுமையாகக் கணித்துவிட முடியாது. 2010 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலை லேயில் மேகம் வெடித்துக் கொட்டிய மழையிலும் சேற்று வெள்ளத்திலும் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஜூன் பிற்பகுதி அல்லது செப்டம்பர் மாதம் பொருத்தமான காலம். ஜூனில் பனி உருகி ஓடும் நாலாக்கள் சாலையின் குறுக்கே பாயும். காலையில் முழங்காலளவு இருக்கும் நீர் வெயில் ஏற ஏறப் பிற்பகலில் வண்டியைப் புரட்டும் அளவுக்குப் பெருகும். எனவே சிங்சிங்பார், பாராலாச்சா பகுதியை முற்பகலுக்குள் கடந்துவிட வேண்டும். செப்டம்பரில் நீர் வற்றியிருக்கும், குளிர் கூடியிருக்கும். எந்த மாதமானாலும் எதற்கும் ஒதுக்கப்படாத இரண்டு நாள் திட்டத்தில் இருக்க வேண்டும். திங்கள்கிழமை அலுவலகம் செல்ல வேண்டும் என்பதற்காக ஞாயிற்றுக்கிழமை மூடிய சாலையில் இறங்கியவர்களின் கதைகள் மணாலி கடைத்தெருவில் ஏராளம்.

இந்தச் சாலைகளின் வரலாறே அரசியல் வரலாறுதான். மணாலி - லே சாலை 1989-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. காஷ்மீரில் தீவிரவாதம் தலைதூக்கிய ஆண்டும் அதுவே. 1999 கார்கில் போரில் ஸ்ரீநகர் - லே நெடுஞ்சாலை எதிரியின் பீரங்கிப் பார்வைக்குள் வந்தபோது, மாற்றுவழி ஒன்று ஆண்டு முழுவதும் தேவை என்பது தில்லிக்கு உறைத்தது. ரோத்தாங் கணவாய்க்கு அடியில் சுரங்கப்பாதை அமைக்கப்படும் என்று 2000-ஆம் ஆண்டில் பிரதமர் வாஜ்பாய் அறிவித்தார். லாஹௌலைச் சேர்ந்த தமது பழைய நண்பர் ஒருவர் தில்லிக்கு வந்து முறையிட்டதும் அதற்கு ஒரு காரணம் என்பர். 2002-ல் வாஜ்பாய் அணுகுசாலைக்கு அடிக்கல் நாட்டினார். 2010-ல் சோனியா காந்தி சுரங்கத்துக்கு அடிக்கல் நாட்டினார். 2020 அக்டோபர் 3-ஆம் தேதி பிரதமர் மோடி திறந்துவைத்தார். 9.02 கி.மீ. நீளம் கொண்ட அடல் சுரங்கம் மணாலி - லே தூரத்தில் 46 கி.மீ. குறைத்துள்ளது. இரண்டு அடிக்கற்களையும் இருபது ஆண்டுகளையும் கண்ட திட்டம், இன்று பயணியின் ஏட்டில் பத்துப் பதினைந்து நிமிடம்.

சுரங்கம் வழியே செல்வோருக்கு ரோத்தாங் அனுமதி தேவையில்லை. பழைய கணவாய் வழியே செல்ல விரும்புவோருக்குத் தேவை. கரும்புகை படிந்து பனி உருகுகிறது என்ற வழக்கில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் பிறப்பித்த உத்தரவுப்படி நாளொன்றுக்கு 1,200 வாகனங்கள் என வரம்பு விதிக்கப்பட்டது.

சாலையோரங்களில் எல்லைச் சாலைகள் அமைப்பு நட்டுள்ள சிலேடை எச்சரிக்கைப் பலகைகளைப் படம் எடுக்காத பயணி இல்லை. அந்தச் சாலையை அமைக்கும் தொழிலாளர்களைப் படம் எடுப்போர் குறைவு. தார்ப் பீப்பாய்களுக்கு நடுவே முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஜல்லி உடைப்பவர்களில் பெரும்பாலோர் ஜார்க்கண்டின் தும்கா பகுதியினர், அவர்களில் பலர் சந்தால் பழங்குடியினர், பிகாரிலிருந்தும் வருகின்றனர். கரோனா பொதுமுடக்கத்தில் லடாக்கில் சிக்கிக்கொண்ட 60 தொழிலாளர்கள் 2020 மே 29-ஆம் தேதி விமானம் மூலம் ராஞ்சிக்கு அழைத்துச் செல்லப்பட்டபோதுதான் இவர்களைப் பற்றி நாடு பேசியது. கல்வான் மோதலுக்குச் சில நாள் முன்பு, தும்காவிலிருந்து மீண்டும் ஒரு சிறப்பு ரயிலில் தொழிலாளர்கள் எல்லைப் பணிக்குப் புறப்பட்டனர்.

பெட்ரோலும் வண்டியும்

லாஹௌல் பள்ளத்தாக்கின் தாண்டியில் உள்ள பெட்ரோல் பங்கில் அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று ஒரு பலகை நெடுங்காலமாகப் புகழ்பெற்றது. 13 லிட்டர் கொள்ளளவு கொண்ட 350 சிசி வண்டி, லிட்டருக்கு 30 கி.மீ. ஓடினால் 390 கி.மீ. வரும். இருவர் அமர்ந்து, மூட்டை கட்டி, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் கணவாய் ஏறும்போது அந்த 30 நிற்காது. ஐந்து லிட்டர் கேன் ஒன்று கட்டாயம். கூடாரக் கடைகளில் கூடுதல் விலைக்குப் பாட்டிலில் கிடைக்கும் பெட்ரோலை நம்பித் திட்டமிடுவது சரியல்ல.

வண்டியும் மனிதரைப் போலவே மேலே மூச்சு வாங்கும். காற்று அடர்த்தி குறைவதால் கார்புரேட்டர் கொண்ட பழைய வண்டிகளில் பெட்ரோல் விகிதம் கூடி, புகை கக்கி, இழுவை குறைந்துவிடும். எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு கொண்ட புதிய வண்டிகள் கலவையைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆயினும் சக்தி குறைவதை அவற்றாலும் தடுக்க இயலாது. கிளட்ச் கம்பி, ஆக்சிலரேட்டர் கம்பி, ஸ்பார்க் பிளக், டியூப், பங்க்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்ப், செயின் இணைப்பு ஆகியவை கையில் இருக்க வேண்டும். குழுவில் ஒருவராவது சக்கரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். புறப்படும் வாரத்தில் புதிதாக வாங்கிய வண்டியில் கிளம்புவதைவிட ஓராண்டு ஓட்டிப் பழகிய வண்டி மேல்.

இமயப் பாதையின் வண்டிகளுக்குத் தமிழகத்துடன் நெருங்கிய தொடர்பு உண்டு. 1950-களில் எல்லைக் காவல் ரோந்துக்கென இந்திய ராணுவம் இங்கிலாந்தின் புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததன் விளைவாகவே, 1955-ல் சென்னையில் ராயல் என்ஃபீல்டு கூட்டு நிறுவனம் உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. எல்லைக்காக வாங்கப்பட்ட வண்டி, இன்று விடுமுறைக்காக எல்லைக்குப் போகிறது.

பிற மாநில பிரீபெய்டு செல்போன் இணைப்புகள் ஜம்மு - காஷ்மீரிலும் லடாக்கிலும் இயங்குவதில்லை என்ற விதியும் திட்டத்தில் சேர வேண்டும். குழுவில் இருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு தேவை. அப்படியும் சர்ச்சு - பாங் இடையே செல்போனை நம்ப இயலாது.

அனுமதிச் சீட்டும் வாடகை வண்டியும்

நுப்ரா, பாங்காங், ஹான்லே போன்ற எல்லையோரப் பகுதிகளுக்குச் செல்ல வெளிநாட்டவருக்குப் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி தேவை. இந்தியர்களுக்கான உள் எல்லை அனுமதி முறையை லடாக் நிர்வாகம் 2021 ஆகஸ்டில் தளர்த்தியது. எனினும் இணையதளத்தில் பதிவு செய்து, சுற்றுச்சூழல் கட்டணம் செலுத்தி, அந்த ரசீதின் நகல்களைச் சோதனைச் சாவடிகளில் காட்ட வேண்டியுள்ளது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பது எல்லை நிலவரத்தைப் பொறுத்தது. பட்டியலை லேயில் இறங்கியதும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பயணிகள் அதிகம் ஆத்திரப்படுவது வாடகை வண்டி விவகாரத்தில்தான். மணாலி, ஸ்ரீநகர், சண்டீகர், தில்லி ஆகிய இடங்களில் வாடகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளில் லே வரை வரலாம். அங்கிருந்து நுப்ராவுக்கும் பாங்காங்குக்கும் அதே வண்டியில் செல்ல லேயின் வாடகை வண்டி உரிமையாளர் சங்கத்தினர் அனுமதிப்பதில்லை. அந்த நாள்களுக்கு உள்ளூர் வண்டியை எடுக்க வேண்டும். சாலையில் சோதனையும் உண்டு; தகராறுகளும் நடந்துள்ளன. சொந்த வண்டிக்கு இக்கட்டுப்பாடு இல்லை. ஆனால் பதிவுச் சான்றில் பெயர் உள்ளவர் உடன் இருக்க வேண்டும் அல்லது அவருடன் நெருங்கிய உறவை நிரூபிக்க வேண்டும் என்று கேட்கப்படுகிறது. நண்பரின் வண்டியை இரவல் வாங்கிச் செல்வோர் இதனால் இடர்ப்படுகின்றனர்.

நாட்டின் எப்பகுதிக்கும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு வழங்குகிறது. மோட்டார் சைக்கிள்களை வாடகைக்கு விடுவதற்கு 1997-ல் மத்திய அரசு வகுத்த திட்டமும் உள்ளது. ஒரு சங்கத்தின் கட்டுப்பாட்டுக்குச் சட்டத்தின் துணை எந்த அளவுக்கு உண்டு என்பது விவாதத்திற்குரியது. ஆயினும் மறுபக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது. லேயில் வருமானம் தரும் பருவம் நான்கு அல்லது ஐந்து மாதம். கடன் வாங்கி ஐந்தாறு வண்டி வைத்திருக்கும் ஒரு குடும்பம் எஞ்சிய மாதங்களையும் அதைக்கொண்டே ஓட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான வண்டிகளுடன் சமவெளி நிறுவனங்கள் வந்திறங்கினால் குப்பையும் புகையும் தங்களுக்கு, பணம் வெளியாருக்கு என்று அவர்கள் கூறுவதில் நியாயம் உண்டு. 2022-ஆம் ஆண்டில் லடாக்கிற்கு வந்த சுற்றுலாப் பயணிகள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லடாக்கின் மொத்த மக்கள்தொகையே 2.74 லட்சம்தான். உலர் பாலைவனமான அங்கு விடுதிக் குளியலறையில் ஓடும் நீரும் பனியாறு தரும் நீரே. பாங்காங் கரையில் காரை நீருக்குள் ஓட்டிப் படம் எடுத்தவர்களும், ஹுந்தர் மணற்குன்றில் வாகனம் ஏற்றி 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் கட்டியவர்களும் 2022-ல் செய்தியாயினர்.

வாக்குக்கு ஓர் உறுப்பினர்

வாடகை வண்டித் தகராறு, பெரிய தகராறு ஒன்றின் சிறிய கிளை. 2019 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மறுசீரமைப்புச் சட்டத்தின்படி அந்த ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி லடாக் யூனியன் பிரதேசமானது. லேயில் அன்று பட்டாசு வெடித்தது. கார்கிலில் கருப்புக் கொடி பறந்தது. புதுச்சேரியைப் போல் சட்டப்பேரவை கொண்ட யூனியன் பிரதேசமாக லடாக் அமைக்கப்படவில்லை. மாநிலங்களவையில் அதற்கு இடமில்லை. பரப்பளவில் நாட்டின் மிகப் பெரிய மக்களவைத் தொகுதியான அது தில்லிக்கு அனுப்புவது ஒரேயோர் உறுப்பினரை. லே (1995), கார்கில் (2003) மலை வளர்ச்சிக் கவுன்சில்கள் உள்ளன. ஆனால் நிலம், வேலைவாய்ப்பு, தொழில் உரிமம் பற்றிய இறுதி முடிவுகள் துணைநிலை ஆளுநரின் நிர்வாகத்திடமும் மத்திய உள்துறை அமைச்சகத்திடமும் உள்ளன.

மாநில அந்தஸ்து, அரசமைப்புச் சட்டத்தின் ஆறாவது அட்டவணையின் பாதுகாப்பு, தனிப் பணியாளர் தேர்வாணையம், லேவுக்கும் கார்கிலுக்கும் தனித்தனி மக்களவைத் தொகுதி ஆகிய நான்கு கோரிக்கைகளில் ஒரு காலத்தில் எதிரெதிராக நின்ற லே பௌத்தர்களும் கார்கில் முஸ்லிம்களும் ஒன்றுபட்டது அண்மைக்கால அரசியலில் கவனிக்கத்தக்கது. மக்கள்தொகையில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பழங்குடியினர் என்பதைச் சுட்டி, ஆறாவது அட்டவணையில் சேர்க்கலாம் என்று பழங்குடியினர் தேசிய ஆணையமே 2019 செப்டம்பரில் பரிந்துரைத்தது. 2024 மார்ச்சில் கல்வியாளர் சோனம் வாங்சுக் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் தில்லியை நோக்கி நடந்துவந்தவர்கள் சிங்கு எல்லையில் தடுத்து வைக்கப்பட்டனர். 2025 செப்டம்பர் 24-ஆம் தேதி லேயில் போராட்டம் வன்முறையாக மாறி, துப்பாக்கிச்சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஊரடங்கு அமலாயிற்று. வாங்சுக் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைது செய்யப்பட்டு ஜோத்பூர் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். செப்டம்பர் வானிலையை நம்பித் தேதி குறித்திருந்த பயணிகள் விடுதி அறைகளில் அடைபட்டனர் அல்லது பாதி வழியில் திரும்பினர். அதற்கு ஐந்து மாதம் முன்பு, ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் 26 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதையும் அடுத்து வந்த மே மாத மோதலையும் கண்ட பலர் ஸ்ரீநகர் வழியைக் கைவிட்டு மணாலி வழிக்கு மாறினர். பாதுகாப்பைக் கருதிச் செய்த அம்மாற்றம் உடலுக்குக் கடினமான ஏற்றத்தை அவர்கள்மீது சுமத்தியது.

உயரப் போட்டி

உலகின் மிக உயரமான சாலை என்ற பட்டத்துக்காகவே வண்டியை எடுப்போர் பலர். கர்துங் லாவின் உச்சியில் நெடுங்காலம் நின்ற பலகை 18,380 அடி என்றது. செயற்கைக்கோள் உதவியுடன் அளந்தவர்கள் கண்டது சுமார் 17,582 அடி. டீ ஷர்ட்டுகளும் கோப்பைகளும் பழைய கணக்கையே இன்னும் சுமக்கின்றன. 2021-ல் உம்லிங் லா 19,024 அடியில் சாலை கண்டு கின்னஸ் சான்று பெற்றது. 2025 அக்டோபரில் மிக் லா வழியே 19,400 அடிக்கு எல்லைச் சாலைகள் அமைப்பு சாலையை எட்டவைத்தது. சீன எல்லைக்கு அருகே ராணுவத் தேவைக்காக அமைந்த சாலைகள் இவை. ஒவ்வொரு சாதனைக்கும் பின்னே பயணிகளின் இலக்கும் இன்னும் சில நூறு அடி நகர்கிறது.

2020 ஜூன் 15-ஆம் தேதி 20 வீரர்கள் உயிர்நீத்த கல்வான் உள்ளிட்ட போர்க்களங்களைப் பொதுமக்கள் காண வகைசெய்யும் திட்டத்தை ராணுவம் 2025 ஜனவரியில் அறிவித்தது. அந்த 20 பேரில் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். அந்த முனைக்குச் செல்லும் தர்புக் - ஷியோக் - தௌலத் பேக் ஓல்டி சாலை 255 கி.மீ. நீளமானது, பெட்ரோல் பங்க், மெக்கானிக், விடுதி எதையும் அதில் எதிர்பார்த்துத் திட்டமிட முடியாது.

சுரங்கங்கள் இக்கணக்குகள் சிலவற்றை மாற்றக்கூடும். 6.5 கி.மீ. நீளமுள்ள சோனாமார்க் சுரங்கம் 2025 ஜனவரி 13-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதை அடுத்து சோஜி லாவைக் குடைந்து 13 கி.மீ.-க்கும் அதிக நீளத்தில் மற்றொரு சுரங்கத்துக்குத் திட்டமிட்டுப் பணி தொடங்கப்பட்டது. நிம்மு - பாதம் - தார்ச்சா சாலை 298 கி.மீ. நீளத்தில் 2024 மார்ச்சில் இணைக்கப்பட்டது. அதிலுள்ள ஷிங்கு லா கணவாயின் அடியில் 15,800 அடி உயரத்தில் 4.1 கி.மீ. சுரங்கத்துக்கான முதல் வெடியை 2024 ஜூலை 26-ஆம் தேதி பிரதமர் தொடக்கிவைத்தார். அது முடிந்தால் பாராலாச்சாவையும் 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா லூப்ஸையும் தொடாமல் குளிர்காலத்திலும் லேவுக்குச் செல்லலாம். சர்ச்சுவில் இரவு தங்க வேண்டிய தேவையும் இராது.